"போட்டு வாறன்" எண்டு சொன்ன இடம்

பின்னேரம் நாலு மணி. பேய்க்கதைக்கு இதென்ன நேரமெண்டு சிரியாதேங்கோ... மார்கழி மாசம் ஒஸ்லோவிலை நாலு மணியெண்டா கும்மிருட்டு. குரோருட் எண்ட பகுதிக்கு மேலை, காட்டோரப் பாதை. ஒரு சனமில்லை. கிட்ட வாங்கோ, தனுஷா தேத்தண்ணியோடை வாறதுக்குள்ளை சொல்லி முடிக்கவேணும். இது அவளின்ரை சின்னம்மாவுக்கு நடந்தது.

உதயகுமாரி. தனியாப் பிள்ளை வளக்கிறவ. காலமை ஸ்டோவ்னரிலை ஒரு துப்புரவு வேலை, பின்னேரம் அந்தக் காட்டோரத்திலை இன்னொண்டு. றோட்டுப் போடக் கிண்டின இடத்திலை பழைய வீட்டு அத்திவாரம் வந்து, ஆராய்ச்சிக்காரர் கொட்டில் அடிச்சிருந்தினம். அதைக் கூட்டித் துடைக்கவேணும். அவ்வளவு அலுப்பு... நிண்டபடியே கண் சொக்கும்.

அண்டைக்கு மேசையிலை எலும்பு. ஒரு பொம்பிளை, நெஞ்சோடை ஒரு சின்னப் பிள்ளை. பக்கத்திலை ஒரு சட்டி. நோரா எண்ட ஆராய்ச்சிக்காரி வெளிக்கிடேக்கை சொன்னா, ஐந்நூற்று முப்பத்தாறாம் ஆண்டாம். எங்கையோ எரிமலை வெடிச்ச புகையிலை சூரியன் சந்திரன்மாதிரி மங்கி, மத்தியானத்திலையும் ஆக்களுக்கு நிழல் விழேல்லையாம். கோடையிலையும் குளிர். தானியம் விளையேல்லை. இதுகள் பட்டினியிலை செத்திருக்கும். சட்டியின்ரை அடி முழுக்கச் சுரண்டின கீறல்.

பாவங்கள் எண்டு நினைச்சபடி துடைச்சு முடிச்சா. லைற்றை நிப்பாட்டிப்போட்டுக் கதவைச் சாத்தேக்கை, பழக்கத்திலை வாயிலை வந்துது. "அப்ப போட்டு வாறன்."

பாதி வழியிலைதான் சொன்னது உறைச்சுது. செத்த வீட்டிலை ஆராவது அப்பிடிச் சொல்லுவினமே? பேசாமல் எல்லோ எழும்பி வாறது.

பின்னாலை... சர்ர்... சர்ர்... சட்டி சுரண்டுற சத்தம். ஆறின சாம்பல் மணம்.

பிறகு அந்தப் பக்கமே போகேல்லை. வேலையிடத்தை மாத்திக் கேட்டா. சத்தமும் நிண்டுது. அலுப்பாலை வந்ததெண்டு மனசைத் தேத்தினா.

சித்திரையிலை நல்ல வெயில். மகள் ஆரணியைக் கையிலை பிடிச்சுப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போறா... நிலத்திலை பிள்ளையின்ரை நிழல் மட்டும். தன்ரை இல்லை. ஆருக்குச் சொல்லுறது? சொன்னா நித்திரைக் குளிசைதான் தருவினம். வெயில் படாத பக்கத்தாலை நடக்கப் பழகினா. வேலை, சமையல், திரும்ப வேலை.

வைகாசியிலை ஆரணியின்ரை நிழலும் வெளிறத் தொடங்கிச்சுது. ஒரு நாள் பிள்ளை வயிறு நிறையச் சோறு திண்டுபோட்டு, கரண்டியாலை கோப்பையைச் சுரண்டுது. சர்ர்... சர்ர்...

"அம்மா, அந்தத் தங்கச்சிக்குப் பசிக்குதாம். நீங்கள் வாறன் எண்டனீங்களாம்."

உதயகுமாரிக்கு அழுகைகூட வரேல்லை. அவ்வளவு களைப்பு. சோறும் பருப்பும் ஆக்கிச் சட்டியோடை துணியிலை கட்டினா. ஆரணியைத் தனுஷா வீட்டிலை கொண்டுவந்து விட்டா. எப்ப வருவியள் எண்டு தனுஷா கேட்டாள். சின்னம்மா பிள்ளையின்ரை தலையைத் தடவினா.

"போறன்" எண்டா.

எங்கடை சனம் ஆரும் பிள்ளையைப் பாத்து அப்பிடிச் சொல்லுறேல்லை.

சின்னம்மா திரும்பி வரேல்லை; அடுத்த நாள் தனுஷாதான் ஆரணியைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனவள். நல்ல வெயில். பிள்ளையின்ரை நிழல் கறுப்பா, முழுசா விழுந்திருந்தது. காலமைக் குளிருக்கு ஆரணி ரெண்டு கையையும் பொக்கற்றுக்குள்ளை வைச்சிருந்தாள்.

நிழலின்ரை ஒரு கை மட்டும்... ஆரோ பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறமாதிரி, மேலை நீண்டிருந்துதாம்.