முனாப் மாப்புக் கேட்கும் வெள்ளிக்கிழமை

…வெளையாட்டுச் சாமான் எண்டு மட்டும் செல்லிப்போடாதீங்க காக்கா! அந்தச் சொல்லக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். காலக் கொஞ்சம் அங்கால வையுங்க. ம்… அப்பிடி. இந்தப் பெட்டி என்ட மடியிலதான் வரணும். கீழ வெச்சா கொண்டக்டர் மிதிப்பான், மேல வெச்சா ஆற்றயாவது தேங்காய்ச் சாக்கு வந்து உழும். உள்ளுக்க இரிக்கிறது சாட்சி. ஓம், சாட்சி! கச்சிமுகம்மதுக்கு, எனக்குத்தான், நடந்த அநியாயத்துக்கு ஒலகத்தில இரிக்கிற ஒரே சாட்சி இந்தப் பக்கிதான்.

பக்கி எண்டா குதிர இழுக்கிற பக்கிக் கரத்த இல்ல. றிமோட் கார். சவூதியில இரிக்கிற என்ட தம்பி அனுப்பினது. முழுக் காரா வராது, துண்டு துண்டா வரும், நாமதான் பூட்டணும். ஆணி, பல்லுச் சில்லு, ஸ்பிறிங்… மேசையில கொட்டினா மணிக்கூட்டுக் கடைய ஆரோ கவுத்துக் கொட்டின மாதிரி. முள்ளு முள்ளா டயர். தார் றோட்டுல ஓட்ற சாமானில்ல இது. மண்ணு, மேடு, பள்ளம், வரம்பு, அங்கதான் இதுக்கு மரியாத. நம்மட கையில ஒரு பெட்டி, அதில நீட்டா ஒரு ஏரியல், ரெண்டு குச்சி. ஒண்டத் தள்ளினா ஓடும், மத்தத அசச்சாத் திரும்பும். பொண்டாட்டி புள்ள கேக்காத சொல்ல அது கேக்கும் காக்கா! அந்த ஒண்டுக்காகவே வாங்கலாம்.

எங்க போறனெண்டா? நிந்தவூருக்கு. இண்டைக்கு ஜும்ஆவுக்குப் பொறகு பள்ளிய நடத்துற மரைக்கார்மாருக்கு முன்னால முனாப் எனக்கிட்ட மாப்புக் கேக்கப் போறான், மன்னிச்சிக்கொள்ளுங்க எண்டு. நான் போய்க் குந்திரிந்து கேக்கப் போறன். நல்லாக் கேக்கட்டும்!

முனாப் ஆரெண்டு தெரியாதா? நெல்லு நிறுக்கிற முனாப். என்ட பொண்டாட்டி ஹாஜறாட தம்பி. நிந்தவூர்ல கலியாணம் முடிச்சி அங்கேயே இரிக்கான். நாலு ஊரு வயல்காரப் போடிமாரும் நெல்ல அவன்ட தராசுக்குத்தான் கொண்டுபோவாங்க. அவன் நிறுத்தத ஆரும் ரெண்டாந்தரம் நிறுக்கிறல்ல. அந்தக் கெறுக்கு! காரையும் தராசு மாதிரித்தான் பூட்டுவான். இந்தக் கார்ல நாலு சில்லுக்கும் நாலு குழாய் இரிக்கி காக்கா, அதுக்குள்ள எண்ணெய் வார்க்கணும், குலுக்கத்த அது வாங்கிக்கொள்ளும். முனாப் சொட்டுச் சொட்டா வார்ப்பான். காத்துக் குமிழி மேல வாறமட்டும் வாயப் பொத்திக்கொண்டு பாத்திரிப்பான். பொறகு காரத் தூக்கிக் கீழ போட்டுப் பாப்பான். துள்ளினாச் சரியில்லயாம். பூன மாதிரி உழணுமாம். உழுந்திச்சி! அவன்ட கார் பூனதான்.

என்ட கார் ஆடு.

என்னத்துக்கெண்டா, அந்த எண்ணெயப் பாத்தா தண்ணி மாதிரி. இதென்ன ஏமாத்து எண்டு கீழ ஊத்திப்போட்டு நான் ஆமணக்கெண்ணெய் வார்த்தன். கெட்டியா நிக்குமெண்டு. நிண்டிச்சி, கட்ட மாதிரி. ஒரு வரம்பில ஏத்தினா அடுத்த வயல் வரவைக்குள்ள போய்த்தான் கால் ஊண்டும். முன்பக்கம் தூக்குதே எண்டு வலையில கட்டிற ஈயக் குண்ட எடுத்து மூக்கில கட்டினன். பொறகு மூக்கால மண்ணக் கிண்டிக்கொண்டு போகுது. காரைதீவுக் குணம் மாஸ்டரும் ஒரு கார் வெச்சிரிக்காரு, கணக்குப் படிப்பிக்கிற மாதிரியே ஓட்டுவாரு, மெதுவா, ஆனா உடமாட்டாரு. அவர் செல்றாரு, “போடியார், அடுத்த போகத்துக்கு உழவுக்கு நீங்க டிறக்டர் புடிக்கத் தேவல்ல” எண்டு. சிரிக்காதீங்க காக்கா. சிரிக்கல்லயா? சரி, சரி.

இந்தப் பைத்தியத்த ஊருக்குள்ள கொண்டு வந்தவன் ஷரிபுதீன். குவைத்துல நிண்டு வந்தவன். எல்லாத்துக்கும் சட்டம் செல்லுவான். மாவடிப்பள்ளி வட்டையில வெள்ளாம வெட்டி முடிஞ்ச கையோட கார் ஓட்டப் போட்டிக்கெண்டு வயல வளைச்சிப் புடிச்சிட்டான். இந்த வரம்பில ஏறிப் பாயணுமாம், அந்த வைக்கல் போரச் சுத்தி வரணுமாம், வாய்க்கால் கரையோட வளைச்சி எடுக்கணுமாம். மாடு மேய்க்கிறவங்க மாட்ட உட்டுப்போட்டு வந்து பாத்துக்கொண்டு நிப்பாங்க. கலியாண வூட்டுக்குக் கூட அப்பிடிச் சனம் வராது.

கலியாணம்… ஓம், அதையும் செல்லணும். என்ட மகள் ஸுல்பிகாவ முனாப்ட மகனுக்குத்தான் பேசிரிந்தம். நோம்புக்கு முந்தி வெக்கிறதா இருந்திச்சி. மகளுக்கு வூடும் கட்டி, சுண்ணாம்பும் அடிச்சாச்சி. என்ன பஸ் இது, சாய்ந்தமருதுல ஏத்தின சனத்த மூச்சு உட உட மாட்டான் போல! இஞ்சால நெருங்குங்க காக்கா, அந்தக் கோழிக் கூட உங்கட மேல சாய்க்கப் போறான்.

எங்க உட்டன்? ஆ, கலர்! வம்பெல்லாம் கலர்லதான் தொடங்கிச்சி. இந்தக் காருக்கு கிறிஸ்டல் எண்டு ஒரு சாமான் இரிக்கி. நகத்தளவு வெள்ளித் தகரம், ரெண்டு கால். ஒண்டு நம்மட கைப்பெட்டிக்குள்ள, அதிட சோடி காருக்குள்ள. ரெண்டும் தங்களுக்குள்ள கதைச்சித்தான் கார் ஓடுது. ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு கலர். அந்தக் கலர்ல ஒரு றிப்பன ஏரியல் நுனியில கட்டணும். குணம் மாஸ்டருக்கு நீலம். முனாப்புக்குப் பச்ச. எனக்கு வந்திரிக்கி… மஞ்சள்! காமாலக்காரன்ட கண் மாதிரி! நான் மரைக்கார் வம்சம் காக்கா. நம்மட கந்தூரிக் கொடி என்ன நெறம்? ஸியாரத்துல போர்த்திற பட்டு என்ன நெறம்? அக்கா புருசன் மஞ்சளக் கட்டிக்கொண்டு நிக்க, அவன் பச்சயப் பறக்க உடுறதா? சவூதிக்கு எழுதினன். தம்பி பச்சச் சோடி அனுப்பினான். ஓட்டத்துக்கு முந்தின நாள்தான் வந்து சேந்திச்சி. பிஸ்மி செல்லிப் பூட்டினன். பச்ச றிப்பனும் கட்டிக்கொண்டு வட்டையில போய் எறங்கினா, குணம் மாஸ்டர் கேக்காரு, “என்ன போடியார், கட்சி மாறிட்டீங்களா?”

அந்தாள உடுங்க. இந்த ஷரிபுதீன் ஓடி வாறான். “போடியார், ஒரு ஓட்டத்தில ஒரே கலர்ல ரெண்டு பேர் நிக்க ஏலா. முனாப் காக்கா முதல்ல இருந்தே பச்ச. நீங்க மஞ்சளுக்கு மாறுங்க.” எப்பிடி இரிக்கி? பச்ச என்ன முனாப்ட வாப்பாட முதுசமா? அவ்வளவு சனத்துக்கு முன்னால என்ட கொடிய எறக்கச் செல்றான்! நானெண்டபடியாப் பொறுத்தன். பெரிய மனிசன் மாதிரி, ஒரு வார்த்த கதைக்காம, பச்சய அவுத்துப்போட்டு மஞ்சள் றிப்பனக் கட்டினன். எல்லாரும் பாத்தாங்க.

விசில் ஊதினான். நான் குச்சியத் தள்ளினன். காக்கா, வல்லாஹி செல்றன், அப்பிடியொரு கூத்த நான் காணல்ல. என்ட கார் பாய்ஞ்சி, நிண்டு, தானாப் பின்னுக்கு வருது! நான் வலத்தால திருப்புறன், முனாப்ட கார் வலத்தால போகுது. “மச்சான், என்ன செய்றீங்க?” எண்டு அவன் கத்துறான். நானா செய்றன்? என்ட கார் எனக்கே அடங்குதில்ல! குணம் மாஸ்டர் மட்டும் தன்ட பாட்டுல மெதுவாப் போய்க்கொண்டிரிக்காரு. கடைசியில எங்கட ரெண்டும் கெடாச் சண்ட மாதிரி நேருக்கு நேர் வந்து… டமார்! அவன்டது வாய்க்காலுக்குள்ள. என்டது ஓட்டம் பாக்க வந்த, வயலுக்குத் தண்ணி பங்கிட்ற வட்டவிதானைட கால்ல ஏறிப்போட்டு கவுண்டு கெடந்து சுத்துது. சனம் சிரிச்ச சிரிப்பு இருக்கே… அந்தச் சிரிப்பு எனக்குத்தான் காக்கா, முனாப்புக்கில்ல. அவன நோக்கி ஆரும் கை நீட்டல்ல.

அப்ப எனக்கு வாயில வந்திச்சி. “கள்ளன்! கள்ள வேல செஞ்சி என்ட கார இழுத்திட்டான். நெல்லுத் தராசும் இப்பிடித்தானா?” எண்டன். ஆ… சென்னன்தான். இவன்ட மகனுக்குக் குடுக்க எனக்குப் பொண்ணில்ல எண்டும் சென்னன். அவன் சாரத்த மடிச்சிக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள்ள எறங்கி கார எடுத்து, தண்ணிய வடிச்சான். வடிச்சிக்கொண்டே, “பெட்டியத் தொறந்து பாருங்க மச்சான், காரணம் உள்ளுக்க இரிக்கும்” எண்டான். என்ட பெட்டியத் தொறக்க இவனாரு?

இப்ப போடிமார் ரெண்டொருத்தர் முனாப் நிறுத்த நெல்ல அரிசி ஆலையில போட்டு இன்னொருக்கா நிறுக்காங்களாம். நான் நிறுக்கச் சென்னனா? நான் சென்னது காரப் பத்தி. ஹாஜறா சோறு வெப்பா. பீங்கான வெக்கிற சத்தத்திலயே ஏசி முடிப்பா. மகள்… புது வூட்டுக்குள்ள போய் ஜன்னலெல்லாத்தையும் ஒவ்வொண்டாச் சாத்திப்போட்டு வந்தாள். சுண்ணாம்பு காயத் தொறந்து உட்டிரிந்த ஜன்னல். ம்… சின்னப் புள்ளைதானே, போகப் போகச் சரியாகும்.

அதுக்குப் பொறகுதான் முனாப் ஆளனுப்பினான். “நான் ஒண்டும் செய்யல்ல. ஆனாலும் ஸுல்பிகாட முகத்துக்காக, மச்சான் எங்க வரச் செல்றாரோ அங்க வந்து மாப்புக் கேக்கிறன்” எண்டு. பாத்தீங்களா? குத்தமில்லாதவன் மாப்புக் கேப்பானா? நீங்களே செல்லுங்க… என்ன? இவ்வளவு நேரம் வாயே தொறக்கல்ல, இப்ப என்னமோ கேக்கீங்க… உள்ளுக்கயா? உள்ளுக்க இரிந்த கிறிஸ்டலயும் மாத்தினனா எண்டா?

அத என்னத்துக்கு மாத்தணும்? றிப்பன்தானே சனத்துக்குத் தெரியிறது. வெளிய அவங்கட ஆசைக்கு மஞ்சள், உள்ளுக்க என்ட மரியாதைக்குப் பச்ச. பரக்கத்தாவும் இரிக்குமெண்டு உட்டன். ஷரிபுதீன் றிப்பனத்தானே மாத்தச்… இல்ல. “மஞ்சளுக்கு மாறுங்க” எண்டான். றிப்பன் எண்டு செல்லல்ல.

அப்ப நான் குச்சியத் தள்ளக்குள்ள… அவன்ட காரும்…

அவன் தள்ளக்குள்ள…

அல்லாஹ்வே.

இல்ல காக்கா, ஒரு நிமிசம். ஒரு நிமிசம் ஒண்டும் கதைக்காதீங்க. இந்தக் கயித்தக் கொஞ்சம் புடிங்க, பெட்டியத் தொறக்கிறன். இந்தா இரிக்கி. பச்சப் புள்ளி வெச்சது, தெரியிதா? எவ்வளவு சின்னச் சாமான்… நகத்தால கெளப்பினாக் கழண்டு வருது. இந்தக் காரைதீவு வயலுக்குள்ள ஜன்னலால சுண்டி உட்டா ஆருக்குத் தெரியும்? மஞ்சளப் பூட்டிக்கொண்டு போய்க் குந்திரிக்கலாம். அவன் மாப்புக் கேப்பான், நான் தலையாட்டுவன், கலியாணமும் நடக்கும். எல்லாருக்கும் சந்தோசம்தானே? ஆருக்கு நட்டம்?

என்ன பார்வ அது? நீங்க செல்லத் தேவல்ல, எனக்கே தெரியும். தராசு. மாப்புக் கேட்டானெண்டா அவன் செத்தாலும் கள்ளத் தராசுக்காரன்தான். ஓம் ஓம், தெரியுது! திருப்பி வெச்சிட்டன், பாருங்க, இரிந்த எடத்திலயே வெச்சிட்டன். இப்ப திருப்தியா?

நிந்தவூரா? அதுக்குள்ளயா வந்திட்டு! சாய்ந்தமருதுல மாட்டு வண்டி மாதிரி வந்தவன், இப்ப பறக்கான்!

காக்கா, நீங்களும் எறங்குங்க. கைய உடமாட்டன், எறங்குங்க. பெரிய வேல ஒண்டுமில்ல. எனக்கிட்ட இப்ப கேட்டீங்களே, அந்தக் கேள்விய அங்க வந்து கேளுங்க. மரைக்கார்மாருக்கு முன்னால, இதே மாதிரி மெதுவா. “உள்ளுக்க பச்சயா இரிந்திச்சி?” அவ்வளவுதான். நான் ஓம் எண்டு செல்லுவன். ஓம் எண்டு செல்ல எனக்கு ஏலும் காக்கா. மத்ததுதான் ஏலா. விடிஞ்சதிலிருந்து பொழுதுபட்டாலும் ஓயாத வாய் இது, ஆனா அந்த ஒரு வசனத்த எங்க தொடங்கிறதெண்டு எனக்குத் தெரியா. நான் தொடங்கினா வட்டவிதானைல போய் முடியும், குணம் மாஸ்டர்ல போய் முடியும், ஆமணக்கெண்ணெயில போய் முடியும். நீங்க ஒருக்காக் கேளுங்க.

வாறன் தம்பி கொண்டக்டர், வாறன்! நான் முன்னுக்கு எறங்கிறன் காக்கா, நீங்க பெட்டியத் தாங்க… மெதுவா… வந்திட்டு. இப்ப நீங்க எறங்குங்க. காக்கா? காக்கா! பஸ்ஸ எடுக்கான்… அட, நில்லுங்க! ஜன்னலாலயாவது ஒருக்காக் கேட்டுட்டுப் போங்க!

காக்காவையும் ஏத்திக்கொண்டு போயிட்டான்.

ஓம்…

ஓம்…

சே! கேள்வி இல்லாம ஓம் எண்டு எப்பிடிச் செல்ற?