இருபத்து நான்கும் பன்னிரண்டும்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியவள் தலையில் கைவைத்தபடி சொன்னாள்:

“எனக்கு வரப்போற மாமியாரைக் கேள்விக்குறியா அச்சடிச்சிட்டேன்டி.”

தோழி வடையைக் கடிக்காமல் நிறுத்தினாள். “என்னடி சொல்ற?”

“கல்யாணத்துல மேசைல வைக்கிற பேர் அட்டை. அச்சடிக்க நானே கோட் எழுதினேன். தம்பி பேரெல்லாம் தமிழ்ல டைப் பண்ணிக் குடுத்தான். அந்த ஃபைல் என்ன என்கோடிங்னு பாக்காம, இங்கிலீஷ் எழுத்துன்னு வாசிக்க விட்டுட்டேன்.”

“டெஸ்ட் பண்ணலியா?”

“பண்ணினேனே. ஆபீஸ் புள்ளைங்க பேரை இங்கிலீஷ்ல போட்டு.”

“வெளங்கிரும்.”

“தமிழ் பேரெல்லாம் வெறும் கேள்விக்குறி. பேரு நீண்டா கேள்விக்குறியும் நீளுது. எழுத்துக்கு மூணு, துணைக்குறி இருந்தா இன்னும் மூணு.”

“திருத்திட்டியா?”

“ஒரு வரிதான். தமிழும் புரியிற யூடிஎஃப் எட்டு என்கோடிங்னு சொல்லி வாசிக்க வச்சேன், எல்லாம் அழகா வந்திருச்சு.”

“அப்புறம் என்ன கவலை?”

“பழைய அட்டையெல்லாம் மாமியார் கையிலயே மாட்டிக்கிச்சு. எது யாரோடதுன்னு தம்பி பின்னால பென்சில்ல எழுதியிருந்தான். எங்கம்மா பேரு பிலோமினா, மாமியார் பேரு ராணி. ஒக்காந்து கேள்விக்குறியை எண்ணியிருக்காங்க.”

பஸ் நகர்ந்தது.

“என்ன சொன்னாங்க?”

“‘பொண்ணோட அம்மாவுக்கு இருபத்தி நாலு, மாப்பிள்ளையோட அம்மாவுக்குப் பன்னண்டுதானா?’ன்னு கேட்டாங்க.”