பலகையில் பன்னிரண்டும் இருந்தன

ஒரு படகை ஒரு நாள் முழுக்க நமக்கென்று அமர்த்திக்கொள்வதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. என்னைப் போலத் தொலைபேசியில் பேசக் கூச்சப்படுகிறவர்கள்கூடச் செய்துவிடலாம். ஒரு படிவம் இருக்கிறது. எந்தத் தேதி, எத்தனை பேர், எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும், மதியச் சாப்பாடு வேண்டுமா, தண்ணீரில் கூட வர வழிகாட்டி வேண்டுமா என்று கேட்பார்கள். கட்டங்களை நிரப்பினால் போதும். நான் நிரப்பினேன்.

மேடம், நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்தது நல்லதாயிற்று. எனக்கு எழுத வரும், பேசத்தான் வராது. வீட்டில் என் பட்டப்பெயரே வாய்ப்பூட்டு.

பன்னிரண்டு பேர் போனோம். அக்கா வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து ஐந்து பேர், அத்தானின் அலுவலகத்திலிருந்து நான்கு பேர், பிறகு நாங்கள் மூவர். அத்தானுக்கு வேறொரு நாட்டில் வேலை கிடைத்திருந்தது. அவரும் அக்காவும் மூன்று வாரத்தில் புறப்படுவதாக இருந்தார்கள். போகும் முன் வேண்டியவர்களோடு ஒரு நாள் சேர்ந்திருக்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். விருந்து வேண்டாம், படகில் கடலுக்குப் போய் ஸ்நார்கெலிங் செய்யலாம், முகமூடி போட்டுக்கொண்டு மீன் பார்க்கலாம் என்று சொன்னது நான்.

"பார்றா, பூட்டு தொறந்துடுச்சு" என்றார் அத்தான். "விஞ்ஞானி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான் கடலியல் படித்தவள். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் குடுவைகளோடு இருப்பேன். குடுவைகள் பதிலுக்குப் பேசச் சொல்லிக் கேட்பதில்லை.

படகு நன்றாக இருந்தது. வெள்ளை நிறம், கீழே இரண்டு படுக்கை அறைகள், மேலே நிழல் போட்ட தட்டு. பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கும் ஏணி. ஏணியை ஒட்டி ஒரு பலகை, அதில் எண் போட்ட கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் அதே எண் பொறித்த ஒரு சிவப்பு வில்லை. கேப்டன் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்.

"நல்லா கேட்டுக்குங்க. எறங்கும்போது உங்க வில்லைய எடுத்து மணிக்கட்டுல மாட்டிக்கணும். ஏறினதும் முதல் வேலை, வில்லை கொக்கிக்குப் போகணும். தலை துவட்டுறது, செல்ஃபி எல்லாம் அப்புறம். பலகை நெறஞ்சாத்தான் நான் நங்கூரத்த தூக்குவேன்."

"தலைய எண்ணினா போதாதா தம்பி?" என்று கேட்டார் அக்காவின் முதலாளியம்மா.

"போதாதும்மா. ஒருத்தர் கழிப்பறையில இருப்பார், ஒருத்தர் கீழ படுத்திருப்பார், துருதுருன்னு இருக்கற ஒருத்தர ரெண்டு தடவ எண்ணிடுவோம். மனுஷன் நகர்ந்துக்கிட்டே இருப்பான். வில்லை நகராது."

எனக்கு அது பிடித்திருந்தது. பரிசோதனைக் கூடத்திலும் அப்படித்தான். நாங்கள் குடுவையை நம்புவதில்லை, அதன் மேல் ஒட்டிய சீட்டைத்தான் நம்புவோம். அத்தானுக்கு ஏழாம் எண் வந்தது.

பத்தரை மணிக்கு ஒரு பெரிய பாறையின் அருகே நங்கூரம் போட்டார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது. அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டே நீந்தினார். அவருக்குக் கிட்டப்பார்வை, மைனஸ் ஆறு. கண்ணாடியைக் கழற்றினால் பத்தடிக்கு அப்பால் நிற்பது நானா அக்காவா என்று தெரியாது. முகமூடிக்குள் கண்ணாடி போட முடியாது இல்லையா. அதனால் மீன்களுக்கு மிக அருகில் போய்ப் பார்த்தார்.

"விஞ்ஞானி, இங்க ஒரு மஞ்ச மீன் அப்படியே உங்க அக்கா மாதிரி மொறைக்குது" என்று தலையைத் தூக்கிக் கத்தினார்.

"காதுல விழுந்துச்சு. வீட்டுக்குத்தான வரணும், வாங்க" என்றாள் ஏணியில் உட்கார்ந்திருந்த அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அன்று அக்கா கடைசியாகச் சிரித்தது அப்போதுதான். சிறிது நேரத்தில் அவளுக்குக் குமட்டலெடுத்தது. மாத்திரை போட்டுக்கொண்டு கீழே போய்ப் படுத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் ஏறி, வில்லைகளை மாட்டிவிட்டு, மேல்தட்டின் நிழலுக்குப் போய்விட்டார்கள். படகின் உதவியாளர் சமையல் மூலையில் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கேப்டன் முன்பக்கம் நங்கூரக் கயிற்றைப் பார்க்கப் போனார். பன்னிரண்டரைக்குள் அடுத்த இடத்துக்குக் கிளம்ப வேண்டும், பிறகு அந்தப் பாறைப் பக்கம் நீரோட்டம் இழுக்கும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

அங்கிருந்தே அவர் கேட்டார். "ஏம்மா, பலகை நெறஞ்சிருக்கா?"

நான் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "நெறஞ்சிருக்கு" என்றேன். அது உண்மை. பலகையில் பன்னிரண்டும் இருந்தன.

முக்கால் மணி நேரம் கழித்து, அடுத்த இடத்தில், சாப்பாடு பரிமாறும்போது, அக்காவுக்கு எடுத்து வைத்தது போக ஒரு தட்டு மிஞ்சியது. "மாப்ள எங்கப்பா? கீழ பொண்டாட்டி கால அமுக்கிட்டிருக்கானா?" என்றார் அத்தானின் அலுவலக நண்பர். சிரித்துக்கொண்டே கீழே போனவர், சிரிக்காமல் மேலே வந்தார்.

மூன்றாம் நாள் மீன்பிடிப் படகுக்காரர்கள் அவரைக் கண்டெடுத்தார்கள்.

விசாரணையில் நான் சொன்னது உங்கள் கோப்பில் இருக்கும். அத்தான் யாருக்கும் தெரியாமல் மறுபடி தண்ணீரில் இறங்கியிருக்க வேண்டும், வில்லையை எடுக்க மறந்திருக்க வேண்டும் என்றேன். அவர் மறதிக்காரர் என்பது ஊருக்கே தெரியும். வீட்டுச் சாவியைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவார். ஆகவே யாரும் மேலே கேட்கவில்லை. பலகையை மட்டும் நம்பினார் என்று கேப்டனைப் பிடித்தீர்கள். அவர் உள்ளே போய் ஐந்து வாரம் ஆகிறது. அவர் மனைவி இரண்டு பெண் பிள்ளைகளோடு இந்த வாசலில் நிற்பதைப் பார்த்தேன். ஒரு பாவமும் அறியாத மனிதர். அதற்காகத்தான் வந்தேன். என் வாக்குமூலத்தில் சில திருத்தங்கள் இருக்கின்றன.

அத்தான் வில்லையை மறக்கவில்லை. எல்லோரும் மேலே போன பிறகு நான் அவரிடம், பாறைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆமை ஒன்று இருக்கிறது என்று சொன்னேன்.

"நெஜமாவா? உங்க அக்காவ எழுப்பட்டா? அவ ஆமையே பாத்ததில்ல."

"வேணாம் அத்தான், தூங்கட்டும். நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க."

லைஃப் ஜாக்கெட்டைக் கையிலெடுத்தார். அது ஈரமாக இருந்தது. ரெண்டு நிமிஷம்தானே என்றேன். திரும்ப வைத்துவிட்டார். பிறகு ஏழாம் எண் வில்லைக்குக் கை நீட்டினார். "நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்றேன்.

"நீ இருக்கறப்ப எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ஆமை எதுவும் இல்லை.

அவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். கோபம் வரவழைக்கும் மனிதரில்லை அவர். கல்யாணத்துக்குப் பின்னும் நான் அவர்களோடுதான் இருந்தேன். இரண்டே அறை. நான் தேர்வுக்குப் படித்த இரவுகளில், "விளக்க அணைக்காத, எனக்கு வெளிச்சத்துலதான் தூக்கம் வரும்" என்று பொய் சொல்லிவிட்டு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுப்பார். நல்ல மனிதர். எங்கே கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் அக்கா எனக்கு அக்கா மட்டும் இல்லை. அம்மாவும் அப்பாவும் போனபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பத்தொன்பது. படிப்பை விட்டுவிட்டு அந்தக் கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். என்னைத் தலைவாரி அனுப்பிவிட்டுத் தான் தலைவாராமல் ஓடுவாள். நான் பட்டம் வாங்கிய அன்று அந்தத் தாளை அவள்தான் தடவித் தடவிப் பார்த்தாள். பதினைந்து வருடத்தில் நான் அவள் இல்லாத வீட்டில் ஒரு நாளும் தூங்கியதில்லை.

வெளிநாட்டு வேலை உறுதியான வாரத்தில் ஒரு நாள், சமையலறையில் அவர்கள் பேசியதைக் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவர் அவ்வளவுதான்.

"ஒரு வருஷம் போகட்டும், அவளையும் கூப்பிட்டுக்கலாம். பாவம், தனியா என்ன பண்ணுவா" என்றார் அத்தான்.

"வேணாங்க" என்றாள் அக்கா. "பதினஞ்சு வருஷமா அம்மாவா இருந்துட்டேன். எனக்கே எனக்குன்னு ஒரு வீடு. அவ இல்லாம. சொல்லவே பாவமாத்தான் இருக்கு. ஆனா வேணும்."

இதைப் பலமுறை யோசித்துப் பார்த்தேன். அக்காவுக்கு இப்படிப் பேசத் தெரியாது. அவர் வருவதற்கு முன்னால் அவள் "எனக்கு" என்று எதையும் கேட்டதில்லை. ஒரு கரைசல் நிறம் மாறினால், அதில் கடைசியாகச் சேர்த்தது எது என்று பார்க்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் பழைய நிறம் வந்துவிடும் என்று நினைத்தேன். எல்லாக் கரைசலுக்கும் அது பொருந்தாது என்பது எனக்குத் தெரிந்ததுதான்.

இன்னும் சில திருத்தங்கள். தேதியை நான் குத்துமதிப்பாகப் போடவில்லை. அது அமாவாசைக்கு மறுநாள். கடலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஓத அட்டவணைப்படி அன்று நண்பகலில் தண்ணீர் அசையாமல் நிற்கும், அதன் பிறகு அந்த மாதத்திலேயே மிக வேகமாக வெளியே இழுக்கும். வழிகாட்டி வேண்டுமா என்ற கட்டத்தில் வேண்டாம் என்று எழுதினேன். எங்களில் ஒருவருக்கு நன்றாகத் தெரியும் என்று காரணமும் எழுதினேன். அத்தானுக்காக அக்கா கடையில் பவர் கண்ணாடி பொருத்திய முகமூடி ஒன்றைச் செய்து வைத்திருந்தாள். அதைப் பையில் எடுத்து வைக்கும் பொறுப்பு என்னுடையது. அது என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அக்காவுக்குக் குமட்டலுக்கு ஒரு மாத்திரை போதும், நன்றாகத் தூங்கட்டும் என்று நான் இரண்டு கொடுத்தேன். அவள் பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அவள் மனம் நோகும்படி நான் எதையும் செய்ததில்லை.

அத்தானுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். மூன்று மாதம், ஞாயிறுதோறும், நகராட்சிக் குளத்தில். முகம் தண்ணீருக்குள் இருக்கும்படி நீந்தக் கற்றுக்கொண்டார். களைத்துப் போனால் மல்லாந்து மிதக்க வேண்டும் என்பதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும். அதை நான் சொல்லித் தரவில்லை. எப்போது அப்படி முடிவு செய்தேன் என்று கேட்டால் தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்றுதான் நினைத்தேன்.

படகு கிளம்பியபோது நான் பின்பக்கம்தான் நின்றேன். பாறையின் விளிம்பில் அவர் தலை தெரிந்தது. முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். படகு நகர்வது அவருக்குப் புரியச் சிறிது நேரம் ஆகியிருக்கும். பிறகு கையைத் தூக்கி ஆட்டினார். நானும் ஆட்டினேன். இயந்திரச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை. ஏதோ ஒரு கை அசைவது மட்டும் தெரிந்திருக்கும், அது யாருடையது என்று தெரிந்திருக்காது. அந்தத் தூரத்தில் அவருக்குத் தெரியாது.

போகும் வழியில் அக்கா ஒருமுறை பாதி விழித்தாள். "அவர் எங்கடி?" என்றாள்.

"மேல தூங்கறார்."

"வெயில்ல படுக்க வேணாம்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

அதன் பிறகு ஐந்து வாரம் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. "நான் தூங்கிட்டேனேடி, நான் முழிச்சிருந்தா தேடியிருப்பேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சோறு பிசைந்து ஊட்டினேன். தலை வாரிவிட்டேன். இரவில் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். பழையபடி நாங்கள் இருவர் மட்டும். அவள் அழுதது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் வீடு நிறைந்துதான் இருந்தது.

நேற்று மாலை பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

"நான் போறேன்டி. அவர் பாத்து வெச்ச வீடு அங்க இருக்கு. முதலாளியம்மாவுக்குத் தெரிஞ்ச கடையில வேலையும் சொல்லியிருக்காங்க. கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கறேன்."

"நானும் வரவா?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வேணாம் பாப்பா" என்றாள்.

இன்று காலை இங்கே வந்தேன். அத்தானைக் கொன்றது நான். கேப்டனை விட்டுவிடுங்கள். அவர் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். வேண்டுமானால் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். இது போன்ற வழக்கில் முக்கியமான சாட்சி, வழக்கு முடியும்வரை நாட்டைவிட்டுப் போகாதபடி தடுத்து வைக்கலாம் என்று எங்கோ படித்தேன். முதல் சாட்சியாக என் அக்காவைப் போடுங்கள். அவள் விமானம் இருபதாம் தேதி, இன்று பதினேழு. சீக்கிரம் செய்தால் நல்லது. இங்கே இருந்தால் பார்வை நேரத்துக்குத் தவறாமல் வந்துவிடுவாள். என்னை ஒரு வேளைகூடப் பட்டினி போட்டவளில்லை அவள்.