மாப்பிள்ளைக்குக் காற்று

கிளாத்தி மீன் வளர்க்கிறவன் விரல் நுனியில் எப்போதும் காயம் இருக்கும். நண்டு ஓட்டையே நொறுக்குகிற பல் அதற்கு. இந்தக் கீறல்கள் அண்ணன் போட்டவை அல்ல, இன்ஸ்பெக்டர் சார். அவருக்கு அவ்வளவு தெம்பு ஏது?

தொட்டி வாங்கித் தந்ததே அவர்தான். வேலை போய் நான் வீட்டோடு கிடந்தபோது, "சும்மா விட்டத்தைப் பாத்துக்கிட்டு உக்காராதடா" என்று கடல்தண்ணீர்த் தொட்டியும் இந்த மீனும் வாங்கி வந்தார். கூட விட்ட மீன்களையெல்லாம் அது கடித்துத் தீர்த்தது. தீனி தாமதமானால் கூழாங்கல்லைக் கவ்விக் கண்ணாடியில் எறியும். "உன் மாப்பிள்ளைக்கு உபசாரம் ஆச்சா?" என்று அண்ணன் கேலி செய்வார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. என்னை எதிர்பார்த்து இந்த உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

அண்ணனுக்கு நுரையீரல் கெட்டபின் கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின் வந்தது. கரன்ட் போனால் அதை ஓட்ட ஒரு இன்வெர்ட்டர். அண்ணி வேலைக்குப் போகும்போது அவரை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போவார்.

அன்று மத்தியானம் மழையில் கரன்ட் போனது. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தொட்டியில் காற்று பம்ப் நின்றுவிட்டது. மாப்பிள்ளை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மீனால் வாய்விட்டுக் கேட்க முடியாதல்லவா? அண்ணனால் முடியும்.

இன்வெர்ட்டர் பழுது என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது நன்றாகத்தான் இருந்தது. மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பம்பைச் செருகினேன். கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று நினைத்தேன்.

"டேய், மூச்சு முட்டுதுடா. மெஷினைப் பாரு."

"பொறுண்ணே, இப்ப வந்துடும்."

அப்புறம் அவர் பேசவில்லை. கட்டில் சட்டத்தைத் தட்டினார். பிறகு தட்டலும் இல்லை. தொட்டிப் பக்கத்தில் கையாலாகாமல் நின்றுகொண்டிருந்தேன். அழுகைகூட வந்தது. இன்வெர்ட்டர் ஒன்று, உயிர் இரண்டு. என் இடத்தில் யார் இருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்?

இரண்டையும் சேர்த்துச் செருகிப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். இன்வெர்ட்டரிலேயே இன்னொரு பிளக் பாயிண்ட் காலியாக இருந்தது உண்மைதான். செருகவில்லை, சார். லோடு தாங்காமல் இன்வெர்ட்டர் நின்றிருந்தால் மாப்பிள்ளை செத்துப்போயிருக்கும்.