மூன்றாவது முகம்

குழுப்படம் எடுப்பதற்கு முன் எல்லோரையும் ஒருதரம் நன்றாக இருமிவிட்டு வரச் சொல்வது என் வழக்கம். பிறகு ஒருவரும் அசையமாட்டார்கள். நெல்லியடிச் சந்தியில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஜெபநேசன் எடுத்த படத்தில் ஒரு முகமும் கலங்கியிராது என்று சனங்கள் சொல்வார்கள். நீங்கள் இரத்தினம்மாவுக்காக வந்திருக்கும் சட்டத்தரணி. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, காங்கேசன்துறைப் பக்கத்தில் ஒரு பொலிஸ் சார்ஜன்ட் சுடப்பட்டு ஒரு கிழமை கழித்து, இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். முத்திரை அளவில் ஒரு படத்தை மேசையில் வைத்தார். பெயர் தெரியாத ஓர் இளைஞன். இடது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டு.

“மிஸ்டர் ஜெபநேசன், வடமராட்சியிலை உங்கடை கமெராவுக்கு முன்னாலை நிக்காத ஆள் இல்லையாம். உவனும் உங்கடை நெகட்டிவுக்குள்ளை எங்கையோ நிப்பான். தேடித் தாங்கோ.”

“ஆயிரக்கணக்கிலை கிடக்குது, ஐயா.”

“அவசரமில்லை. தேடி முடியுமட்டும் எங்கடை ஆக்கள் வாசலிலை நிப்பினம்.”

முன்கதவைப் பூட்டித் திறப்பை அவர்களே வைத்துக்கொண்டார்கள். என் மனைவி வினிபிரட் சாப்பாட்டுக் கரியரை யன்னலால் நீட்டுவாள். பொலிஸ்காரன் சோற்றைக் கிளறிப் பார்த்துவிட்டு உள்ளே தருவான். இருட்டறையில் காற்று இல்லை. நான் பாயை நெகட்டிவ் அலுமாரிகளுக்கு நடுவில் விரித்துக்கொண்டேன்.

கண்ணால் தேடினால் ஒரு வருடம் போதாது. அதனால் ஒரு முறை கண்டுபிடித்தேன். அந்த முகத்தைக் குழுப்படத்து முகங்களின் அளவுக்குச் சுருக்கி, புளியங்கொட்டையளவில் ஒரு பிலிம் துண்டில் பொசிட்டிவாக எடுத்தேன். கீழே விளக்கு எரியும் பால்கண்ணாடியில் நெகட்டிவை வைத்து, அதன்மேல் அந்தத் துண்டை இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக நகர்த்தினேன். நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும். இரண்டும் ஒரே முகம் என்றால் ஒன்றையொன்று அழித்து வெறும் சாம்பல் நிறம் மிஞ்சும். வேறு முகம் என்றால் எங்கேயாவது வெளிச்சம் கசியும். முதலில் என் மகள் சீலாவின் முகத்தை வைத்துச் சோதித்தேன். நாற்பத்தாறு பிள்ளைகள் நின்ற பள்ளிக்கூடப் படத்தில் அவள் இரண்டே நிமிடத்தில் சாம்பலாகிப்போனாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்.

நான்காம் நாள் பின்னேரம் கடைசி உறையும் முடிந்தது. அவன் எதிலும் இல்லை. ஒவ்வொரு முகத்திலும் வெளிச்சம் கசிந்தது.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் பால்கண்ணாடியைக் குனிந்து பார்த்தார்.

“அப்ப உந்தக் கண்ணாடி விளையாட்டு சரிவரேல்லை.”

“முறை சரி, ஐயா. ஆள்தான் இல்லை.”

“ஆளில்லை எண்டு நான் மேலை சொல்லேலாது. நீங்கள் ஆரையோ ஒளிக்கிறியள் எண்டுதான் அவை நினைப்பினம். நாளைக்கும் இருந்து பாருங்கோ. நாளையிண்டைக்கும் இருக்கலாம்.”

கதவு மறுபடி பூட்டப்பட்டது. அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும். ஆனால் பயத்தைவிட, விளையாட்டு என்று அவர் சொன்ன சொல்தான் என்னை அதிகம் அரித்தது.

ஓரளவாவது கிட்ட வந்த முகங்கள் மூன்று இருந்தன. முதலாவது, கரவெட்டியில் ஒரு தபாலதிபரின் மகன். இரண்டாவது, எங்கள் கோயில் போதகரின் மருமகன். மூன்றாவது, கடற்றொழிலாளர் சங்கப் படத்தில் பின்வரிசையில் நின்ற சோமசேகரம். வயது இருபத்திமூன்று. தகப்பன் கடலோடு போனவர். தாய் இரத்தினம்மா மட்டும். முதல் இரண்டு பேருக்கும் கேட்டு வர ஆட்கள் இருந்தார்கள். நான் நிதானமாகத்தான் யோசித்தேன். ஆத்திரத்தில் செய்த காரியம் அல்ல.

காலையில் இன்ஸ்பெக்டருக்கு மூன்றாவது முகத்தின் அச்சைக் கொடுத்தேன். அவர் என் தோளில் தட்டினார். கதவு திறந்தது. ரோட்டில் வெயில் அடித்தது. வீட்டுக்கு நடந்துபோய்க் குளித்துவிட்டு நித்திரை கொண்டேன்.

சோமசேகரத்தைக் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இடத்தில் பிடித்தார்களாம். ஒன்பதாம் நாள் பெட்டியில் கொண்டுவந்தார்கள். ஆணி அடித்திருந்தது. திறக்க விடவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிய இரத்தினம்மா என்னிடம் வந்தா. என்மேல் அவவுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

“தம்பி, பிள்ளையின்ரை முகத்தைக் கடைசியாப் பாக்கக் குடுத்துவைக்கேல்லை. வீட்டிலை ஒரு படமும் இல்லை. சங்கத்துப் படத்திலை நிண்டவன். அதைப் பெரிசாக்கித் தாங்கோ.”

“ஓம், அம்மா. புதன்கிழமை வாங்கோ.”

பெரிதாக்கிக் கொடுத்தேன். அவ படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தா. முதலில் கன்னத்தைத் தடவினா. பிறகு விரல் இடது புருவத்தில் நின்றுவிட்டது.

“இதென்ன, தம்பி? என்ரை பிள்ளைக்கு உப்பிடி ஒரு காயமும் இல்லையே.”

நான் பற்றுச்சீட்டை எழுதத் தொடங்கினேன்.

“ஆர் உதைக் கீறினது?”

அந்தப் படத்தோடுதான் உங்களிடம் வந்திருக்கிறா.

நான்தான் கீறினேன். நான்காம் நாள் இரவு, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, நெகட்டிவில் புருவத்தின் நடுவே கூரிய பென்சிலால் ஒரு கோடு. நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுத்துப்போகும். பருவையும் அம்மைத் தழும்பையும் மறைக்க நாங்கள் தினமும் செய்கிற வேலைதான். தாய்க்கு அச்சடிக்க முன் அதைத் துடைத்திருக்கலாம். மனம் வரவில்லை. அவ்வளவு சுத்தமான கோடு.

இன்ஸ்பெக்டர் கொண்டுவந்த படத்தில் இருந்தவனைப் போன மாதம் மன்னாரில் உயிரோடு பிடித்துவிட்டார்களாம். மன்னாரிலேயே பிறந்து வளர்ந்தவனாம். வடமராட்சிப் பக்கம் வந்ததே இல்லையாம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு மனம் ஆறியிருக்கிறது. என் அலுமாரிகளில் அவன் இருக்கவே இல்லை. பார்த்தீர்களா, அந்த நான்கு நாளும் என் முறை ஒரு பிழையும் விடவில்லை.