பன்னிரண்டாவது மரத்தின் இலை

இலையின் அடிப்பக்கத்தில் நகப்பூச்சு தடவி, காய்ந்ததும் டேப் ஒட்டி உரித்தால், அதன் நுண்துளைகள் அப்படியே அச்சாக வந்துவிடும் ஐயா. அவற்றை மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணுவதுதான் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக என் வேலை. நகப்பூச்சு வாங்கப் போனால் கடைக்காரர், "வீட்டம்மாவுக்கா?" என்பார். ஆமாம் என்பேன். யார் விளக்கிக்கொண்டிருப்பது?

எங்களிடம் பதினெட்டு மரவகைகள், எல்லாம் ஒன்றுக்கொன்று பங்காளிகள். சிலவற்றின் செல்லில் குரோமோசோம் இரண்டு தொகுதி இருக்கும், சிலவற்றில் நான்கு. தொகுதி கூடினால் இலைத்துளை பெரிதாகும், எண்ணிக்கை குறையும் என்பது எங்கள் பேராசிரியரின் கொள்கை. அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததும் எனக்குச் சோறு போட்டதும் அதுதான்.

ஏழு மரங்களை அளந்ததும் தொகுதி அளக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. பேராசிரியர் அவசரப்படுத்தினார். மீதிக்கு நான் துளையின் நீளத்தைப் பார்த்தே தொகுதியை எழுதிக் கொடுத்தேன், அவர் கொள்கைப்படியே. கொள்கை அழகாகப் பொருந்தியது. அன்றைக்கு மாட்டிக்கொண்டவன்தான். வருடா வருடம் பழைய பொய்க்கு ஒத்துப்போகிற மாதிரி புது எண் எழுதவேண்டியிருந்தது. ஓய்வுபெற இன்னும் எட்டே மாதம்தான் பாக்கி.

அப்போதுதான் அந்த ஆராய்ச்சி மாணவி வந்தாள். தடித்த கண்ணாடி போட்டிருப்பாள், பூதக்கண்ணாடி என்று கேலி செய்வோம். நல்ல பெண், எனக்கு அவளைப் பிடிக்கும். சனிக்கிழமை மதியம் எல்லோரும் கிளம்பிய பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, பன்னிரண்டாவது மரம் நாலு தொகுதின்னு எழுதியிருக்கீங்க. பக்கத்து ஆய்வகத்துல அளந்தேன், ரெண்டுதான் வருது. உங்க பழைய இலையையும் அளந்துட்டா குழப்பம் தீர்ந்துடும்."

"குளிர் ரூம்ல கடைசி அலமாரியில இருக்கும்மா. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் போ."

அக்கறையோடுதான் சொன்னேன்.

அது மைனஸ் இருபது டிகிரி அறை, கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்பக்கக் கைப்பிடி போன மாதமே கழன்றுவிட்டது. அதிலிருந்து யார் உள்ளே போனாலும் இன்னொருவர் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவள் போனை என் மேசையில் வைத்துவிட்டு, "பிடிச்சுக்குங்கண்ணா" என்று உள்ளே போனாள்.

நான் அவளைத் தள்ளவில்லை, பூட்டவுமில்லை. கையை எடுத்தேன், அவ்வளவுதான்.

பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் தட்டத் தட்ட எண்ணிக்கொண்டிருந்தேன், பழக்கம் விடவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டோடு நின்றுவிட்டது. வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. இதில் ஒன்றைக்கூட நான் கூட்டவோ குறைக்கவோ இல்லை.