கௌதமைப் பத்தி விசாரிக்க வந்தவருக்கு

இருங்க இருங்க, அங்கியே நில்லுங்க. கால்ல ஒயர் சிக்கும். செருப்ப மேல விட்டுட்டு மெதுவா எறங்குங்க. மேடைக்கு முன்னாடி இந்தப் பள்ளத்துலதான் எங்க மியூசிக் ஆளுங்க குந்துவோம். மத்தவங்கல்லாம் மண்டபத்துக்குப் பின்னாடி சாப்புடறாங்க. நானா? டோலக்கு, ரிதம் பேடு, சிம்பலு எல்லாம் வாசிக்கறது நான்தான். பேரு எதுக்குங்க, டோலக்காரன்னு வெச்சிக்குங்களேன்.

கௌதமா? ராஜா வேசம் கட்றானே, அவனா? இன்னாத்துக்குக் கேக்கறீங்க? புரோகிராம் பேச வந்தேன்னு சொன்னீங்க. புரோகிராம் பேசறவரு எங்க மேனேஜர இல்ல தேடுவாரு? வந்ததும் வராததுமா பையன் குடிப்பானா, சூதாடுவானான்னு கேட்டா எப்படி? யாருன்னு சொல்லுங்க, அப்பறம் பேசலாம்.

ஓ. பொண்ணு வூட்டுக்காரரா. அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? எந்த ஊரு? பிரம்மதேசமா. பெத்தவரா, மாமனா? பெத்தவரு. சரி. பொண்ணு பேரு? வைஜெயந்தி. நல்ல பேருங்க.

குடிக்க மாட்டான். அடிச்சிச் சொல்லுவேன். இங்க குந்துனா எனக்கு அவன் மொகம் தெரியாது, முட்டிக்குக் கீழதான் தெரியும். அவன் கால் வெச்சா நான் அடிக்கணும். சண்ட சீன்ல அவன் கத்தி வீசறதும் என் சிம்பலும் ஒண்ணா விழணும். பாத்துப் பாத்து அந்தக் காலு எனக்கு மனப்பாடம். தடுமாறனதே இல்ல. ஆனா பொங்கலுக்கு அப்பறம் ராஜகுமாரியோட ஆடற பாட்டுல காலு ராஜகுமாரி பக்கம் திரும்பல. பொம்பளைங்க குந்தியிருக்கற பக்கமே போவுது. யார்றா அது அங்கன்னு அடிச்சிக்கினே யோசிப்பேன்.

உங்க பொண்ணு நாடகம் பாக்க வந்துச்சா? மொதல் வரிசையா? ஆங்.

உங்க வூட்டுக்கு எப்பல்லாம் வருவான்? ஞாயித்துக்கெழமையா? நெனச்சேன். பிரம்மதேசத்துல ஷோன்னு சொல்லிட்டுப் போவான். எனக்குத் தெரியாம இன்னா ஷோ? மேளக்காரன் இல்லாம எந்த ஊர்லங்க நாடகம் நடக்குது? பொய் சொல்றவன் அதக்கூட யோசிக்கல பாருங்க. நானும் வாயத் தொறக்கல. கேட்டா வெனையாயிடும்னு பயம்.

தட்டு மாத்தியாச்சா? இன்னும் இல்லியே? நெசமா இல்லியே? அப்பாடா. மாரியாத்தா, உனக்குப் புண்ணியம்.

இதுவா? உப்பளத்துக் காத்துல டோலக்குத் தோலு தொங்கிப் போச்சு, அதான் இழுத்துக் கட்டறேன்.

பரவால்ல, நீங்க கெட்டிக்காரரு. நேர்ல வந்து நாலு பேர விசாரிக்கணும்னு தோணிச்சே உங்களுக்கு. எனக்குத் தோணல. கூடவே நாடகம் போடறோம், தெரியாத பையனா, இவனப் பத்தி யாரப் போய்க் கேக்கறதுன்னு இரும்பை ஊரு கோயில்ல வெச்சிக் கட்டிக் குடுத்துட்டேன். எம் பொண்ணத்தாங்க, பூவிழிய. இப்ப மாசமா இருக்குது. ஞாயித்துக்கெழமையானா அவன் ஷோவுக்குன்னு கெளம்பறப்ப அதுதான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் குடுக்குது.

எழுந்திரிக்காதீங்க, குந்துங்க. சாப்ட்டுட்டு இப்ப வருவான், மாமா டோலக்கு ரெடியான்னு கேட்டுக்கினே வருவான். நான் பேச மாட்டேன். நீங்க பதில் சொல்லுங்க.